கோட்டைக்குள் யார் எங்கே உறங்கினர்

இடைக்கால ஐரோப்பியக் கோட்டை என்றதும் மேல்தளத்து அறைகளில் பிரபுவின் குடும்பமும் தரைக்குக் கீழே இருண்ட அறைகளில் பணியாளர்களும் வாழ்ந்ததாக ஒரு சித்திரம் பலர் மனத்தில் எழுகிறது. ஆனால் அந்தச் சித்திரம் 17ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் கட்டப்பட்ட மாளிகைகளுக்கே பொருந்தும். 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட பிரான்சிலும் எழுந்த கோட்டைகளில் வசிப்பிடங்கள் வேறொரு கணக்கின்படியே பிரிந்திருந்தன. ஒருவர் எந்தத் தளத்தில் இருந்தார் என்பதைவிட, அவருக்கும் பிரபுவின் படுக்கைக்கும் இடையே எத்தனை கதவுகள் இருந்தன, அவற்றுள் எத்தனையை அவர் அனுமதி கேளாமல் கடக்கலாம் என்பதே அவரது தகுதியைக் காட்டியது. இந்தக் கணக்கின்படி, பிரபுவின் சொந்த மருமகனைவிட அவரது அறைப்பணியாளர் பிரபுவுக்கு அருகில் உறங்கியிருக்கக்கூடும்.

இதை ஆராய்வதில் முதலில் எதிர்ப்படும் இடையூறு, எஞ்சியிருக்கும் சான்றுகளின் ஒருபக்கச் சாய்வுதான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அவசர அவசரமாக எழுப்பிய கோட்டைகள் பெரும்பாலும் மண்ணாலும் மரத்தாலும் ஆனவை: செயற்கையாகக் குவிக்கப்பட்ட ஒரு மண்மேடு, அதன் உச்சியில் ஒரு மரக்கோபுரம், அடிவாரத்தில் வேலியும் அகழியும் சூழ்ந்த ஒரு முற்றம். பெய்லி எனப்பட்ட அந்த முற்றத்தில்தான் சமையற்கூடம், குதிரை லாயம், கொல்லர் பட்டறை, தானியக் களஞ்சியம், பணியாளர் குடில்கள் ஆகிய அனைத்தும் இருந்தன. பின்னாளில் பிரபுக்களின் கோபுரங்களும் கூடங்களும் கல்லுக்கு மாறிய பிறகும் முற்றத்துக் கட்டடங்கள் பல மரத்திலேயே தொடர்ந்தமையால், இன்று கோட்டைக்குச் செல்பவரின் கண்ணில் படுவது பெரும்பாலும் உயர்ந்தோர் வாழ்ந்த பகுதி மட்டுமே. மற்றவர்கள் வாழ்ந்த இடங்களைத் தூண்கள் நடப்பட்டிருந்த குழிகளாகவும் சாம்பல் படிவுகளாகவும் அகழாய்வாளர்கள் மண்ணிலிருந்து மீட்க வேண்டியிருக்கிறது.

எஞ்சி நிற்கும் கற்கட்டடங்களுள் தலையாயது, ஆங்கிலத்தில் கீப் எனப்படும் பெருங்கோபுரம். கான்டர்பரி பேராயர் வில்லியம் தெ கோர்பெய் 1127இல் கட்டத் தொடங்கிய ரோச்செஸ்டர் கோபுரம் ஏறத்தாழ 34 மீட்டர் உயரமுடையது. அதன் வாயில் தரைமட்டத்தில் இல்லாமல் முதல் தளத்தில் அமைந்திருந்தது; கோபுரத்தை இரு பாதியாகப் பிரிக்கும் நடுச்சுவருக்குள் கிணற்றுத் துளை எல்லாத் தளங்களையும் ஊடுருவி மேலேறுவதால், எந்தத் தளத்தில் நின்றும் நீர் இறைக்க முடிந்தது. தரைத்தளம் பண்டசாலையாக இருந்தது. அங்கு சன்னல்கள் மிகக் குறுகலானவை. இத்தகைய கோபுரங்களில் பிரபு எப்போதும் குடியிருந்தார் என்று முன்னர் எழுதியவர்கள் உறுதியாக நம்பினர். இன்றைய ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. எசெக்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1140இல் எழுந்த ஹெடிங்ஹாம் கோபுரத்தில் சமையலுக்கு இடமில்லை, உறங்குவதற்கான தனியறைகளும் மிகக் குறைவு. விருந்தினரை வரவேற்றுப் பெருமையை நிலைநாட்டும் சடங்குக் கட்டடமாகவே அது பயன்பட்டிருக்க வேண்டும் என்றும், அன்றாட வாழ்க்கை கீழேயிருந்த முற்றத்துக் கட்டடங்களில் நடந்திருக்க வேண்டும் என்றும் அதை அளந்து ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர்.

கற்களே இவ்வாறு ஐயத்தை விளைவிக்கும்போது, எழுத்துச் சான்று ஒன்று கிடைப்பது பெரும்பேறு. வட பிரான்சின் ஆர்தர் என்னும் ஊரில் குருவாக இருந்த லாம்பெர்ட், தம் பகுதி ஆட்சியாளர்களின் வரலாற்றை ஏறத்தாழ 1200இல் எழுதியபோது, அவ்வூர்ப் பிரபு அர்னால்டு 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மண்மேட்டின் மீது கட்டிய மரமாளிகையைத் தளம் தளமாக விவரித்திருக்கிறார். லூயி என்னும் தச்சரின் பெயரையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. கட்டுவித்தவரை மட்டும் நினைவில் வைத்துக் கட்டியவரை மறந்துவிடும் வழக்கம் மலிந்த அந்நாளில் இது அரிய செயல்.

லாம்பெர்ட்டின் விவரிப்பின்படி தரைத்தளம் முழுவதும் பெட்டிகளும் பீப்பாய்களும் தானியமும் நிறைந்த சேமிப்பிடமாக இருந்தது. அதற்கு மேலிருந்த தளமே குடும்பத்தின் வாழ்விடம். பொதுக்கூடமும் அதை ஒட்டி ரொட்டிப் பணியாளர், மதுப் பணியாளர் ஆகியோரின் அறைகளும் அங்கு அமைந்தன. பிரபுவும் அவர் மனைவியும் உறங்கிய பெரிய அறையும் அங்கேதான் இருந்தது, அதனோடு இணைந்து பணிப்பெண்களும் சிறு குழந்தைகளும் உறங்கும் அறை ஒன்றும் இருந்தது. பெரிய அறையின் உட்புறத்தில் தீ மூட்டுவதற்கென்றே தனியிடம் ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதிகாலையிலும் மாலையிலும், நோயுற்ற காலத்திலும், இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையின்போதும், பணிப்பெண்களும் பால்மறந்த குழந்தைகளும் குளிர்காய்வதற்கும் அங்கு நெருப்பு மூட்டப்பட்டது. அதற்கும் மேலிருந்த தளத்தில் ஒருபுறம் மகன்கள் விரும்பியபோது உறங்கினர், மறுபுறம் மகள்கள் கட்டாயமாக உறங்கினர். அதே தளத்தில்தான் இரவுக் காவலர்களும் வீட்டைக் காக்கும் பணியாளர்களும் முறைவைத்துக் கண்ணயர்ந்தனர். கட்டடத்தின் கிழக்குப் பக்கத்து உச்சியில் வழிபாட்டிடம் இருந்தது.

இவ்விவரிப்பில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது மேல்தளம்தான். பிரபுவின் மணமாகாத மகள்களும் கூலிக்குக் காவல் புரிந்தவர்களும் ஒரே தளத்தில், ஒரே கூரையின் கீழ் இருந்தனர் என்பது, மேலே உயர்ந்தோர் கீழே தாழ்ந்தோர் என்னும் சூத்திரத்தை உடைத்துவிடுகிறது. உயரம் அங்கே மதிப்பின் அளவுகோலாகவே இல்லை. மகள்களின் பாதுகாப்பு, காவலரின் பார்வைத்தூரம் என்னும் இரு வேறு தேவைகள் அவர்களை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தன. சமையற்கூடமோ மாளிகையோடு இணைந்த தனிக்கட்டடமாக இருந்தது: அதன் கீழ்ப்பகுதியில் பன்றிகளும் வாத்துகளும் கோழிகளும் கொழுக்க வைக்கப்பட்டன, மேற்பகுதியில் சமையற்காரர்கள் வேலை பார்த்தனர்.

கற்கோட்டைகள் பெருகிய பின்னரும் வாழ்வின் மையமாக விளங்கியது பெருங்கூடம். அது நீண்டு உயர்ந்த ஒரே மண்டபம். அதன் ஒரு முனை மேல்முனை என்றும் மறுமுனை கீழ்முனை என்றும் கருதப்பட்டன. மேல்முனையில் தரையிலிருந்து சற்றே உயர்ந்த மேடையில் பிரபுவின் மேசை குறுக்காக இடப்பட்டது. பெரிய சன்னல்கள் அங்கேதான் அமைந்தன. மற்றவர்களின் மேசைகள் கூடத்தின் நீளவாக்கில் தகுதி வரிசைப்படி போடப்பட்டன. இவை கால்தாங்கிகளின் மேல் வைக்கப்பட்ட வெறும் பலகைகளாதலால், உணவு முடிந்ததும் எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிடலாம். கீழ்முனையில் ஒரு மரத்தடுப்பு. அதற்குப் பின்னே குளிர்காற்று வரும் வாயிலும், ரொட்டி வைக்கும் அறையும், மது வைக்கும் அறையும், அவ்விரண்டுக்கும் நடுவே சமையற்கூடத்துக்குச் செல்லும் பாதையும் இருந்தன. தீ விபத்துக்கு அஞ்சிச் சமையற்கூடம் பெரும்பாலும் தள்ளியே கட்டப்பட்டதால், உணவு மேல்முனையைச் சென்றடையும்போது எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்பது ஐயத்துக்குரியது.

இரவில் அதே கூடம் உறங்கும் இடமாக மாறியது. தமக்கென அறை பெறாத பணியாளர்கள், வந்து தங்கிய விருந்தினரின் ஆட்கள், ஏவலர்கள் ஆகியோர் கோரை பரப்பிய தரையில் வைக்கோல் மெத்தைகளை விரித்துப் படுத்தனர். கூடத்தின் நடுவே திறந்த அடுப்பில் எரிந்த தீயின் புகை கூரையிலிருந்த திறப்பு வழியே மெல்ல வெளியேறியது; வெப்பத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் புகையையும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிரபு எங்கே உணவருந்த வேண்டும் என்பதே அக்காலத்தில் ஓர் ஆட்சிச் சிக்கலாகக் கருதப்பட்டது. லிங்கன் ஆயர் ராபர்ட் கிரோஸ்டெஸ்ட் 1240களின் தொடக்கத்தில் லிங்கன் சீமாட்டி மார்கரெட் தெ லேசிக்காக வகுத்தளித்த குடும்ப நிர்வாக விதிகளில், அவர் எப்போதும் கூடத்தில் எல்லோர் பார்வையிலும் அமர்ந்தே உண்ண வேண்டும் என்றும், கூடத்தை விட்டு மறைவிடங்களில் உண்பதைத் தடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். தலைமேசையில் அமர்ந்திருப்பவரின் கண்பார்வையே கூடத்தில் ஒழுங்கையும் சிக்கனத்தையும் காக்கும் என்பது அவர் வாதம். அறிவுரை தேவைப்பட்டது என்பதிலிருந்தே, உயர்குடியினர் அப்போதே கூடத்தை விட்டு நழுவத் தொடங்கிவிட்டனர் என்பதை உய்த்துணரலாம். அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிஞர் வில்லியம் லாங்லண்டு, செல்வர்கள் புகைபோக்கி வைத்த தனியறைக்குள் உண்ணப் போய்விட்டதைக் குறைகூறித் தம் நெடுங்கவிதையில் எழுதும் அளவுக்கு அவ்வழக்கம் வளர்ந்துவிட்டது.

அவர்கள் சென்றது மேல்முனைக்குப் பின்னால், பெரும்பாலும் ஒரு தளம் உயர்ந்திருந்த தனியறைக்கு. சோலார் என்றும் சேம்பர் என்றும் வழங்கிய இவ்வறையில் பிரபுவின் திரையிட்ட பெருங்கட்டில், நகைகளும் ஆவணங்களும் பூட்டிவைக்கப்பட்ட பெட்டிகள், சுவரோடு இணைந்த கணப்படுப்பு, சன்னல் ஆழத்தில் கல் இருக்கைகள் ஆகியவை இருந்தன. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி தம் அறைச்சுவர்களின் மரப்பலகைகளுக்குப் பச்சை வண்ணம் பூசிப் பொன் விண்மீன்கள் வரையும்படி இட்ட ஆணைகள் அரசுப் பதிவேடுகளில் உள்ளன. எனினும் தனியறை என்ற சொல்லை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டிலின் அடியிலோ வாயிற்படியிலோ சிறு மெத்தையில் ஒரு பணியாளர் படுத்திருப்பதே முறை. பிரபு இரவில் தனித்திருப்பது பாதுகாப்புக்கும் மதிப்புக்கும் குறைவெனக் கருதப்பட்டது.

இந்த நெருக்கத்தின் பயன் 1238இல் வெளிப்பட்டது. கோட்டை என்று சொல்ல முடியாத, வுட்ஸ்டாக் என்னும் வேட்டை மாளிகையில் மூன்றாம் ஹென்றி தங்கியிருந்தபோது, கொலை நோக்கத்துடன் ஒருவன் இரவில் சன்னல் வழியாக அரசரின் படுக்கையறைக்குள் புகுந்தான். அரசர் அன்று அரசியின் அறையில் உறங்கியதால் கட்டில் காலியாக இருந்தது. உறங்காமல் வேதப்பாடல்களை ஓதிக்கொண்டிருந்த மார்கரெட் பிசெட் என்னும் அரசியின் தோழி கூச்சலிட்டு மற்றவர்களை எழுப்பியதால் அவன் பிடிபட்டான் என்று அக்கால வரலாற்றாசிரியர் மாத்யூ பாரிஸ் பதிவுசெய்கிறார்.

மார்கரெட் பிசெட் பணியாளரா, உயர்குடிப் பெண்ணா என்று கேட்டால் இரண்டும்தான் என்றே விடை கூற வேண்டும். பிரபு, பணியாளர் என்று இரண்டே பெட்டிகளில் கோட்டை மக்களைப் பிரித்துவிட முடியாமைக்கு இதுவே காரணம். உயர்குடிச் சிறுவர்கள் வேறொரு பிரபுவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கு மேசைப் பணியும் குதிரைப் பணியும் ஆயுதப் பணியும் செய்தே வளர்ந்தனர். பின்னாளில் பெம்புரோக் பிரபுவாகவும், சிறுவனான மூன்றாம் ஹென்றியின் சார்பில் நாட்டை ஆண்டவராகவும் உயர்ந்த வில்லியம் மார்ஷல், ஏறத்தாழ 12 வயதில் நார்மண்டியிலிருந்த தான்கார்வில் பிரபுவின் இல்லத்துக்கு இவ்வாறு அனுப்பப்பட்டவரே. தின்பதும் தூங்குவதும் தவிர அவன் எதுவும் செய்வதில்லை என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்ததாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இத்தகைய இளைஞர்களும், பிறப்பில் கண்ணியம் பெற்ற மேலாளர்களும், குருமார்களும் கூடத்துக்கு அப்பாலுள்ள அறைகளில் இருவர் மூவராகப் படுக்கையைப் பகிர்ந்துகொண்டனர். கூடத்துக்கு இப்பால் இருந்தவர்களே உண்மையில் எளிய பணியாளர்கள்.

அவர்களைத் தேடினால் பெரும்பாலும் அவரவர் தொழில் நடந்த இடத்திலேயே காணலாம். குதிரைக்காரர்கள் லாயத்தின் மேற்பரணில் வைக்கோலோடு உறங்கினர், சமையற்கூடச் சிறுவர்கள் அணையும் அடுப்பின் அருகில் சுருண்டனர், வாயில்காப்போர் வாயிற்கட்டடத்தின் சிற்றறைகளில் தங்கினர். பெண்கள் மிகக் குறைவு. சமையல் உட்பட ஏறத்தாழ எல்லா வேலைகளையும் ஆண்களே செய்தமையால், சீமாட்டியின் தோழியரையும் செவிலியரையும் தவிர்த்துப் பெரிய இல்லங்களின் கணக்குகளில் தவறாது தென்படும் பெண் சலவைக்காரி மட்டுமே. பிற்காலப் புதினங்களும் திரைப்படங்களும் கோட்டை அடுக்களையைப் பணிப்பெண்களால் நிரப்பிவிட்டன. கணக்கேடுகள் அதை ஆதரிக்கவில்லை.

பிரபு இல்லாத நாட்களே மிகுதி என்பதையும் இங்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல கோட்டைகளையும் பண்ணைகளையும் உடைய பிரபு, ஓரிடத்தின் களஞ்சியம் தீர்ந்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தார். கட்டில், திரைச்சீலை, மேசை விரிப்பு, வெள்ளிப் பாத்திரம் எல்லாம் வண்டிகளில் உடன் சென்றன. 1512இல் தொடங்கும் நார்தம்பர்லாந்துப் பிரபுவின் இல்லப் பதிவேட்டில் 166 பேர் கொண்ட இல்லத்தாரும், அவர்களது உடைமைகளைச் சுமக்கும் 17 வண்டிகளும் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வளவு பேரும் அகன்ற பின் கோட்டையில் எஞ்சியவர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடுவர் என்று சொல்லிவிடவும் முடியாது. முதலாம் எட்வர்டு வேல்ஸில் கட்டிய கான்வி கோட்டைக்கு 1284இல் விதிக்கப்பட்ட நிலைப்படை 30 பேர்: அவர்களுள் 15 பேர் குறுக்குவில் வீரர், மேலும் ஒரு குரு, ஒரு தச்சர், ஒரு கொத்தர், ஒரு கொல்லர், ஆயுதங்களைப் பேணும் ஒருவர், ஏனையோர் காவலர். அரசர் அரசிக்கென உள்முற்றத்தில் அறைகள் தனியே அமைக்கப்பட்டிருக்க, இந்த 30 பேரின் வாழ்க்கை பெருங்கூடமும் சமையற்கூடமும் லாயமும் கொண்ட வெளிமுற்றத்தில் கழிந்தது. இரண்டுக்கும் இடையே தடித்த மதில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த அரச அறைகளில் எட்வர்டு தங்கியது மிக அரிது. 1294-95 குளிர்காலத்தில் வேல்ஸ் கிளர்ச்சியாளர்கள் சூழ்ந்துகொண்டபோது அவர் அங்கே முடங்கிக் கிடக்க நேர்ந்தது.

அறைகளின் பெயர்ப்பலகை இல்லாத இடிபாடுகளில் எது யாருடையது என்று ஆய்வாளர்கள் கண்டறிவது இரண்டு தடயங்களால்: கணப்படுப்பு, கழிவறை. கார்டரோப் எனப்பட்ட கழிவறை, சுவரின் தடிமனுக்குள் குடைந்த சிற்றறை. அதிலிருந்து ஒரு துளை அகழிக்கோ குழிக்கோ நேரே இறங்கியது. தனக்கெனக் கணப்பும் கழிவறையும் உள்ள அறை மதிப்பு மிக்க ஒருவருடையது. கழிவறை இருந்து கணப்பு இல்லாதது இடைநிலையினருடையது. இரண்டும் இல்லாதது சேமிப்பிடம் அல்லது யாரென்று பெயர் எஞ்சாதவர்கள் படுத்த இடம். கற்களைக் கொண்டு சமூகப் படிநிலையை வாசிக்கும் இம்முறை முழுமையானதல்ல, ஏனெனில் கணப்பு இல்லாத அறையில் கரித்தட்டு வைத்துக் குளிர்காய்ந்தவர்களை அது கணக்கில் கொள்வதில்லை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கோட்டைகளில் இம்முறை மிக நன்றாகப் பலனளிக்கிறது. யார்க்‌ஷரில் ரிச்சர்டு ஸ்குரோப் கட்டிய போல்டன் கோட்டையில், தனித்தனி வாயில்களும் கணப்பும் கழிவறையும் கொண்ட பல இருப்பிடங்கள் நான்கு பக்கங்களிலும் அடுக்கப்பட்டுள்ளன. விருந்தினருக்கும் மேலாளர்களுக்கும் தனித்தனியே வீடு ஒதுக்கும் வசதி அங்கு வந்துவிட்டது. பிரான்சுப் போர்களில் பொருளீட்டித் திரும்பிய எட்வர்டு டாலிங்ரிக் 1385இல் அரசு அனுமதி பெற்று சசெக்ஸில் கட்டிய போடியம் கோட்டையில் 28 கழிவறைகளும் 30க்கு மேற்பட்ட கணப்படுப்புகளும் உள்ளன. அதன் தென்பகுதியில் பிரபுவின் பெருங்கூடமும், கிழக்கே அவர் குடும்பத்தின் அறைகளும், மேற்கே ஏவலர்களுக்கென இன்னொரு கூடமும் அதற்குரிய சமையற்கூடமும் அமைந்தன. பிரபுவின் கூடத்தில் பெரிய கணப்பு உண்டு. ஏவலர் கூடத்தில் கணப்பே இல்லை, வெளிச்சமும் குறைவு. ஒரே புகையைச் சுவாசித்தவர்கள் இங்கே இரண்டு கூடங்களாகப் பிரிந்துவிட்டனர். ஆர்தர் மாளிகையின் நெருக்கத்தைக் குறித்து இரங்கத் தோன்றினாலும், அந்நெருக்கத்தை விட்டொழித்ததில் குளிரைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் இக்கட்டடம் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

நார்தம்பர்லாந்தில் பெர்சி குடும்பத்தார் அதே காலத்தில் எழுப்பிய வார்க்வொர்த் பெருங்கோபுரம் இன்னொரு வழியில் சென்றது. அங்கே தரைத்தளம் சேமிப்பிடம், முதல் தளத்தில் கூடமும் வழிபாட்டிடமும் தனியறைகளும் சமையற்கூடமும் இருந்தன. மது வைக்கும் நிலவறையிலிருந்து கூடத்தின் மேல்முனைக்கு நேரே ஏறும் படிக்கட்டு ஒன்று அமைக்கப்பட்டமையால், பிரபுவின் மேசைக்கு மது கொண்டுவருபவர் கூடத்தைக் கடக்க வேண்டியதில்லை. பணியாளர் செல்லும் வழியும் விருந்தினர் செல்லும் வழியும் முன்கூட்டியே சிந்தித்துப் பிரிக்கப்பட்டதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு. ஆயினும் மதுவை ஏந்தி மேல்முனையில் தோன்றுபவர் எல்லோரும் காண நின்றார்; அவரைக் காட்டுவதே அந்தப் படிக்கட்டின் நோக்கமாக இருந்திருக்கலாம், ஏனெனில் பணியாளர் எண்ணிக்கையும் உடையும் நடையும் பிரபுவின் செல்வத்துக்கு அன்று விளம்பரமாக விளங்கின.

பணியாளரை மறைக்க வேண்டும் என்னும் எண்ணம் கட்டடக் கொள்கையாக உருப்பெற்றது கோட்டைகளின் காலம் முடிந்த பிறகுதான். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோஜர் பிராட் என்னும் கட்டடக் கலைஞர் பெர்க்‌ஷரில் வடிவமைத்த கோல்ஸ்ஹில் மாளிகையில், பணியாளர் உண்ணும் கூடம் தரைக்குக் கீழிருந்த தளத்துக்கு இறக்கப்பட்டது. அவர்கள் ஏறி இறங்குவதற்கெனப் பின்புறப் படிக்கட்டுகள் தனியே அமைக்கப்பட்டன. சாதாரணப் பணியாளர்கள் போகும்போதும் வரும்போதும் விருந்தினர் கண்ணில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று பிராட் தம் குறிப்பேட்டில் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். பெருங்கூடமோ வருவோர் நுழையும் முகப்பறையாகவும் படிக்கட்டு ஏறும் இடமாகவும் சுருங்கியது. அங்கு உண்பவரும் இல்லை, உறங்குபவரும் இல்லை.